வேண்டாத தாளும் ரஷ்யப் பயணமும்

எங்கள் பிஷ்கெக் நகரத்தில் ஒருவர் காலையில் தும்மினால், மாலைக்குள் மூக்கு வைத்தியரின் நோட்டீஸ் அவருடைய கடிதப்பெட்டியில் விழுந்துவிடும். தும்மலைக் கேட்டது யார் என்று இங்கே யாரும் விசாரிப்பதில்லை. பிளாஸ்டிக் ஜன்னல், சோபா சலவை, ஜப்பான்காரர்களின் பச்சைமீன் உருண்டை, ஒரே உட்காரலில் குடியை மறக்கடிக்கும் சிகிச்சை, செத்தவர் முகத்தைக் கருங்கல்லில் அச்சு அசலாகச் செதுக்கித் தரும் கல்லறைக்கடை (கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துச் சொன்னால் சலுகை) எல்லாம் தினப்படி வரும். ஜன்னல்காரர்கள் இத்தனை வருஷமாக நோட்டீஸ் போட்டும் எங்கள் கட்டடத்தில் ஒரு ஜன்னல்கூட மாறவில்லை. அந்த நோட்டீஸை மடித்து ஜன்னல் இடுக்கில் செருகிக் குளிர்காற்றைத் தடுத்துக்கொண்டோம். அந்த வகையில், குளிர் உள்ளே வராது என்று கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை.

மூன்றாம் மாடியில் என் எதிர்வீட்டுக்காரர் எசென்குல். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு என்ற சொல்லை அவருடைய கால்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. டீ குடிக்கும்போதுகூட மேஜைக்கடியில் நடந்துகொண்டிருப்பார். அந்த வசந்தத்தில் அவர் கால்களுக்கு உண்மையாகவே வேலை வந்தது.

அவர் மனைவி துமார் அம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கோட்டு மாட்டும் கம்பத்தைப் பார்த்து, வாங்க, உட்காருங்க, பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்பார். கம்பம் பதில் சொல்லாவிட்டால், இந்தக் காலத்து ஆட்களுக்கு மரியாதை தெரியவில்லை என்று கோபித்துக்கொள்வார். அரசுக் கண் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குப் பேர் கொடுத்திருந்தார்கள். முறை வந்ததும் தபால் அட்டை வரும். அட்டையில் குறித்த நாளில் போய் நிற்காவிட்டால் வரிசையின் வாலுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த வால் எங்கே முடிகிறது என்று மருத்துவமனைக்கே தெரியாது. தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று எசென்குல் கேட்டுப் பார்த்தார். தொலைபேசியில் முத்திரை குத்த முடியாது என்றார்கள்.

ஆக, துமார் அம்மாளின் இரண்டு கண்ணும் ஒரு தகரப் பெட்டியின் வாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்தப் பெட்டியோ ஜன்னலும் மீனும் கல்லறையுமாகத் தொண்டைவரை ரொம்பியிருந்தது.

தபால்காரம்மா லூபாதான் முதலில் எச்சரித்தவர். எங்கள் தெருவுக்கு அவர் தபால் கொண்டுவர ஆரம்பித்தபோது எனக்கும் தலையில் முடி இருந்தது.

"எசென்குல், பெட்டி வழியுதுப்பா. புதுச் சட்டம் தெரியும்ல? நான் வர்றப்போ மூணு தடவை ரொம்பியிருந்தா, வீட்டுக்காரர் ரஷ்யாவுக்குப் போயிட்டார்னு எழுதிடணும். அப்புறம் வர்ற தபாலெல்லாம் அனுப்புனவங்களுக்கே திரும்பிடும்."

சட்டத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆட்கள் மாஸ்கோவில் பனி தள்ளுகிறார்கள், நோவோசிபிர்ஸ்கில் டாக்சி ஓட்டுகிறார்கள். ரொம்பி வழிகிற பெட்டிதான் அவர்கள் விட்டுப்போன அடையாளம். ஆள் இருந்தும் பெட்டி ரொம்பலாம் என்பதைச் சட்டம் எழுதியவர் யோசிக்கவில்லை. அவர் வீட்டுக்கு நோட்டீஸ் வராதோ என்னவோ.

எசென்குல் மாடிக்கும் வாசலுக்குமாக ஓட ஆரம்பித்தார். ஒரு கை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு மாடி ஏறுவதற்குள் கீழே தகர மூடி டக்கென்று கேட்கும். திரும்ப இறங்குவார். சட்டியில் வெங்காயம் தீயும். சலவை இயந்திரம் தண்ணீர் கக்கும். அவர் இறங்கிக்கொண்டிருப்பார். கடைசியில் படிக்கட்டு மறைவில் பதுங்கியிருந்து நோட்டீஸ் போடுகிறவரைக் கையும் களவுமாகப் பிடித்தார். குல்ஜான் என்ற நடுத்தர வயதுப் பெண். சக்கரம் வைத்த சந்தைப் பை நிறைய நோட்டீஸ். எசென்குல் விசில் ஊதும் பாவனையில் வாயைக் குவித்துத் திட்டத் தொடங்கிய நேரத்தில், மேலேயிருந்து துமார் அம்மாளின் குரல் வந்தது.

"யாரு கிழவா கீழே? வந்தவங்களை வாசல்லயே நிக்க வைக்கிறியா? மேல கூட்டிட்டு வா."

அதோடு கதை கந்தலாகிவிட்டது. எங்கள் வழக்கப்படி வாசல்வரை வந்தவர் ஒரு துண்டு ரொட்டியாவது பிட்டு வாயில் வைக்காமல் போகக்கூடாது. வைத்துவிட்டால் விருந்தாளி. விருந்தாளியைத் திட்டியவன் பேர் ஊரில் மூன்று தலைமுறைக்கு நாறும். குல்ஜான் ரொட்டி பிட்டார், டீ குடித்தார், தன் மருமகளைப் பற்றிச் சொன்னார், துமார் அம்மாளும் இல்லாத மருமகளைப் பற்றிச் சொன்னார். போகும்போது நன்றிக் கடனாக எங்கள் எல்லாருக்கும் ஒன்று போட்டால், எசென்குல் பெட்டியில் மட்டும் இரண்டு போட்டார். மூன்றாம் மாடியில் சூடான டீ கிடைக்கிறது என்ற செய்தி நகரத்து நோட்டீஸ்காரர்களுக்கெல்லாம் எட்டியது. அந்த வாரத்துக்குள் அவர் வீடு அவர்களுடைய தலைமை நிலையம் மாதிரி ஆகிவிட்டது. சக்கரப் பைகளைப் படிக்கட்டில் நிறுத்திவைக்க இடம் போதாமல் இரண்டாம் மாடிக்காரர் சண்டைக்கு வந்தார். அவருக்கும் டீ கொடுத்தார்கள்.

இந்த நிலையில்தான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், வேண்டாத தாள் தடுப்பு நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறதே, போய்ப் பாருங்களேன் என்றேன்.

நிர்வாகத்துக்குத் தனிக் கட்டடம். வாசலில் அதன் சாதனைகளை விளக்கும் நோட்டீஸை ஒருவர் கையில் திணித்து அனுப்புவார். உள்ளே போனதும் இன்னொருவர் அதையே கொடுப்பார். இயக்குநர் தலந்த்பேக் ஜுமாபேவிச் வயதில் இளையவர். முகத்தில் பால் மணம் மாறவில்லை, வயிறு மட்டும் பதவி உயர்வு பெற்றிருந்தது. வெள்ளைத்தாடிப் பெரியவர்களை நாங்கள் அழைக்கிற மாதிரி அக்சகால் என்று எழுந்து நின்று அழைத்து, எசென்குலின் கையை இரண்டு கையாலும் பிடித்து உட்கார வைத்து, அவர் சொன்னதைக் கேட்காமலே பேசத் தொடங்கினார்.

"அக்சகால், நீங்க இதைக் குறையாப் பாக்குறீங்க. நாங்க சாதனையாப் பாக்குறோம். இந்த நிர்வாகம் வர்றதுக்கு முன்னால நகரத்துல வேண்டாத தாள் எவ்வளவுன்னு எவனுக்காவது தெரியுமா? இப்பத் தெரியும். வருஷா வருஷம் கூடுது. எங்க பேரே தடுப்பு நிர்வாகம். தடுக்கணும்னா மொதல்ல அது வரணுமில்லையா? வராத ஒண்ணைத் தடுத்தோம்னு மேலிடத்துல போய்ச் சொன்னா, அப்ப நீங்க எதுக்குய்யான்னு கேட்டுருவாங்க. போன இலையுதிர்காலத்துல திடீர்னு கொறைஞ்சுபோச்சு. நாங்க தூங்கல. ராப்பகலா உக்காந்து, 'வேண்டாத தாளை மறுப்போம்'னு பளபளா தாள்ல விழிப்புணர்வு நோட்டீஸ் அடிச்சு வீடு வீடா போட்டோம். அப்புறம்தான் நெலமை சீராச்சு."

அந்த நோட்டீஸ் எசென்குலுக்கும் ஞாபகம் இருந்தது. எல்லாவற்றையும்விடத் தடிமனானது அதுதான். போட்டது குல்ஜான்.

கடைசியில் விஷயத்துக்கு வந்தார்கள். பெட்டியின் மேல் 'வேண்டாம்' என்று ஓர் ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள். ஒட்டிவிட்டால் எவனும் நோட்டீஸ் போட முடியாது. ஆனால் ஒட்டுமுன் குழு நேரில் வந்து பெட்டியை நிரம்பிய நிலையில் பார்வையிட வேண்டும். காலிப் பெட்டியைப் பார்த்து என்னத்தை எழுதுவது? குழு வரும்வரை ஒரு தாளைக்கூட எடுக்கக் கூடாது.

எசென்குலுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. பெட்டி நிரம்பியே இருந்தால் என்னை ரஷ்யாவுக்கு அனுப்பிவிடுவார்களே, மனைவியின் கண் அட்டை திரும்பிவிடுமே, தபால் துறைக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லலாமே என்று கெஞ்சினார். அவர்களோடு தங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்றார் இயக்குநர். தபால் துறை அனுப்பிய சுற்றறிக்கைகளை இவர்கள் வேண்டாத தாள் என்று வகைப்படுத்திவிட்டார்களாம். அதிலிருந்து மனவருத்தம்.

வீட்டுக்கு வந்த எசென்குல் இரவெல்லாம் கூடத்தில் நடந்துவிட்டு ஒரு முடிவெடுத்தார். பெட்டி நிரம்பியே இருக்கட்டும், பக்கத்தில் நான் நிற்கிறேன். லூபா வந்து பார்த்தால் ஆள் ஊரில் இருப்பது தெரிந்துவிடும் அல்லவா? மறுநாளிலிருந்து வாசலில் நின்றார். சும்மா நிற்க வராது என்பதால் முழங்காலை மடக்கி நீட்டியபடி நின்றார். லூபா வந்தார், பார்த்தார், பெருமூச்சு விட்டார், எழுதிக்கொண்டார். அடுத்த முறையும் அப்படியே. மூன்றாம் முறை நானும் வாசலில் இருந்தேன்.

"நான் இங்கதானே நிக்கிறேன், லூபா?"

"நீ நிக்கிறப்பா, நான் இல்லேங்கல. ஆனா எசென்குல் ரஷ்யால இருக்காரே."

"அட்டை வந்தா என் கையில குடுத்துடேன்."

"ரஷ்யால இருக்கிறவர் கையில நான் எப்படிக் குடுப்பேன்? அவ்வளவு நீளமா என் கை? வேலை போயிடும்ப்பா." பேனாவை நாக்கில் தொட்டுக்கொண்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "ஊர் பேர் ஒண்ணு போடணும். மாஸ்கோ வேணாம், குளிரு. உனக்கு மூட்டுவலி வேற. சோச்சின்னு போட்டுடறேன், கடற்கரை. பொஞ்சாதியையும் சேத்துத்தான் போட்டிருக்கேன், தனியா விடல."

அந்த அளவுக்கு மனிதாபிமானம் தபால் துறையில் இன்னும் இருக்கிறது. மாடியில் துமார் அம்மாளிடம் எசென்குல் இதைச் சொன்னபோது அவர் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"சோச்சியா? போவோமே. கடல் வந்துட்டா மட்டும் சொல்லு. எனக்குத் தெரியாது."

எசென்குல் கூடத்தில் நடந்தார். எங்கள் வீட்டுக் கதவு வழியாக அந்த நடை எனக்குக் கேட்டது.

ஒருவழியாகக் குழு வந்தது. இயக்குநர், துணை இயக்குநர், கணக்கெடுப்பவர், முத்திரை வைத்திருப்பவர், முத்திரையைக் கண்காணிப்பவர், படம் பிடிப்பவர். வேன் ஓட்டி வந்தவர் தோக்தோசுன், நரைத்த மீசைக்காரர். குழு வருகிறது என்றால் வெறும் டீயோடு அனுப்ப முடியுமா? எங்கள் கட்டடத்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஓர் ஆடு பிடித்து முற்றத்தில் கொப்பரை ஏற்றியிருந்தோம். பெட்டியை நான்கு பக்கமும் படம் பிடித்தார்கள். துணை இயக்குநர் ஒவ்வொரு நோட்டீஸாக உருவி உரக்கப் படித்தார். படம் பிடிப்பவர் குடியை மறக்கடிக்கும் மருத்துவரின் எண்ணைத் தனக்காகக் குறித்துக்கொண்டார். தங்கள் விழிப்புணர்வு நோட்டீஸ் நல்ல நிலையில் இருக்கக் கண்டு இயக்குநர் அதை ஒரு குழந்தையைப் போலத் தடவிக்கொடுத்தார். பிறகு எல்லாரும் முற்றத்திலேயே சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அங்கேதான் எசென்குல் ஒரு தவறு செய்தார்.

ஆட்டின் எலும்பைப் பங்குவைப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. இடுப்பெலும்பு சபையில் மூத்தவருக்கு. அடுத்த எலும்பு அடுத்தவருக்கு. வயது இறங்க இறங்க எலும்பும் இறங்கும். யாருக்கு எந்த எலும்பு வந்தது என்பதைப் பேரன் காலம்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். எசென்குல் வழக்கப்படி ஒவ்வொருவராக வயது கேட்டார். தன் வயது நிர்வாக விஷயம் என்றார் இயக்குநர். தோக்தோசுன் மட்டும் ஒளிக்காமல் சொன்னார். ஆக, கொழுப்பு மினுங்கும் இடுப்பெலும்பு ஓட்டுநரின் தட்டுக்குப் போனது. வரிசையாக இறங்கி, கடைசியில் இயக்குநர் தட்டில் ஒற்றை விலா எலும்பு விழுந்தது.

யாரும் கத்தியை எடுக்கவில்லை. துணை இயக்குநர் தன் தட்டில் இருந்த பெரிய எலும்பைக் கைக்குட்டையால் மூடினார்.

"எனக்குத் தனிப்பட்ட முறையில வருத்தமே இல்ல, அக்சகால்," என்றார் இயக்குநர். விலா எலும்பை விரல் நுனியால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். "எங்கம்மா வீட்டுல நான் விலா எலும்புதான் தின்னு வளந்தேன். ஆனா இந்த விலா எனக்கு வச்சதில்ல, நிர்வாகத்துக்கு வச்சது. நாளைக்குத் தண்ணிக்குழாய் நிர்வாகத்துக்காரன் வந்தா அவனுக்கு என்ன எலும்பு வைப்பீங்க? அவனுக்குக் கீழ எங்களை வச்சுட்டா, நகரம் எந்த நம்பிக்கையில தாளைத் தடுக்கும்?"

குழு எழுந்து படிக்கட்டில் அவசரக் கூட்டம் போட்டது. எலும்பை மாற்றிவிடலாம் என்றார் துணை இயக்குநர். ஏற்கெனவே ஒரு கடி கடித்தாகிவிட்டது என்று கணக்கெடுப்பவர் கீழே எட்டிப் பார்த்துச் சொன்னார். கடிக்காத பகுதியை மட்டும் மாற்றலாமா, அதற்கு முத்திரை வேண்டுமா என்று விவாதம் நீண்டது. தோக்தோசுன் இது எதையும் கவனிக்காமல் எலும்பை வழுவழுவென்று ஆக்கிக்கொண்டிருந்தார். இறைச்சி ஆறி, கொழுப்பு வெண்ணெயாக உறைந்தது. எசென்குல் வாசலுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே நடந்தார். அட்டை இன்றைக்கு வந்தால் என்ன செய்வது என்பதைத் தவிர அவர் தலைக்குள் வேறொன்றும் இல்லை.

சாப்பாடு முடிந்ததும் ஆசி சொல்லாமல் ஒருவரும் எழக்கூடாது. ஆசி சொல்வது மூத்தவர். தோக்தோசுன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளங்கைகளை விரித்தார். வேறு வழியின்றிக் குழுவும் விரித்தது.

"இந்த வீட்டுப் பெட்டியில இனிமே ஒரு வேண்டாத தாள் விழாம இருக்கட்டும். இந்தம்மா கண்ணு தெறக்கட்டும். இங்க வந்தவங்க வந்த வேலையை இன்னிக்கே முடிச்சுட்டுப் போகட்டும். ஓமின்."

எல்லாரும் அப்படியே ஆகட்டும் என்ற பொருளில் ஓமின் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். தான் ஓமின் சொன்னது தனிப்பட்ட முறையில், நிர்வாக ரீதியில் அல்ல என்று இயக்குநர் உடனே விளக்கினார். ஆனால் படம் பிடிப்பவர் பழக்கதோஷத்தில் அதைப் படம் பிடித்துவிட்டார். ஆசிக்கு ஓமின் சொல்லி மீறினவர் என்ற பேர் எங்கள் ஊரில் எந்தப் பதவியையும் தின்றுவிடும். இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய ஒட்டுத்தாளைக் கொண்டுவரச் சொன்னார். பெட்டியைவிடப் பெரியது. முன்பக்கம் முழுவதும், தாள் போடும் வாயையும் சேர்த்து ஒட்டி, நான்கு மூலையிலும் முத்திரை வைத்தார்கள். பிரித்தால் தண்டனை.

"இனிமே இதுக்குள்ள ஈ, எறும்பு, தாள் எதுவும் நுழையாது," என்றார் இயக்குநர். சொன்னபோது முகத்தில் உண்மையான மகிழ்ச்சி தெரிந்தது.

"ஆஸ்பத்திரி அட்டை?"

"அது வேண்டிய தாள்னு நீங்க கருதுனா, அதுக்குத் தனி விண்ணப்பம் இருக்கு, அக்சகால். குடுங்க. பதில் தபால்ல வரும்."

வேன் கிளம்பிப் போனது. நகரத்தில் முதன்முறையாக ஒரு பெட்டி பூரணமாகத் தடுக்கப்பட்டது என்ற செய்தியை நோட்டீஸாக அடித்து மறுநாளே எங்களுக்கெல்லாம் போட்டார்கள்.

குழு வந்துபோன அன்று மாலையே லூபா வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு எசென்குல் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அட்டை முந்தாநாளே வந்துவிட்டது. சோச்சி என்று எழுதி மருத்துவமனைக்குத் திருப்பியாகிவிட்டது. குறித்த நாள் இன்று காலையோடு போய்விட்டது.

எசென்குல் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து கால் ஆடாமல் நான் பார்த்தது அன்றுதான். துமார் அம்மாள் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கிவந்து, காலால் துழாவிப் புருஷனைக் கண்டுபிடித்தார்.

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போலாம், கிழவா."

வரிசையின் வாலுக்குப் போகச் சொல்வார்கள் என்றார் எசென்குல்.

"சொல்லட்டும். அந்த வாலையாவது ஒருக்கா தொட்டுப் பாத்துட்டு வரேன்."

துணைக்கு நானும் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் பேரைக் கேட்டுக் கணினியைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ரஷ்யால இருக்கீங்களே, பெரியம்மா."

எசென்குல் உள்ளது உள்ளபடி சொல்லத் தொடங்கினார். நாங்கள் எங்கேயும் போகவில்லை, பெட்டிதான்... அதற்குள் துமார் அம்மாளின் செருப்பு அவர் கால்மேல் ஏறியது. கண் தெரியாதவருக்குக் குறி எப்படித் தப்பவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"இருந்தோம் கண்ணு," என்றார் துமார் அம்மாள். "சோச்சி. இப்பத்தான் வந்து எறங்குனோம்."

"திரும்ப எப்பப் போறீங்க?"

"இவர் மூட்டு தாங்குனா அடுத்த வாரம்."

ரஷ்யாவிலிருந்து லீவில் வந்தவர்களுக்குத் தனி வரிசை உண்டாம். அவர்களுக்கு நேரம் கிடையாதே, சீக்கிரம் முடித்து அனுப்ப வேண்டும் என்று மேலிட உத்தரவு. அந்த வரிசையில் துமார் அம்மாளுக்கு முன்னால் இருந்தவர்கள் இரண்டே பேர். போய்வந்ததற்குச் சான்று ஏதாவது வேண்டுமா என்று நான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அதான் எங்கள் பதிவிலேயே இருக்கிறதே, வேறென்ன சான்று என்று அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு ஜன்னலில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு, நான் கடலே பாத்ததில்ல பெரியம்மா, எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

"கடல் கடலாத்தான் இருந்துச்சு," என்றார் துமார் அம்மாள். "எனக்கு ஒண்ணும் தெளிவாத் தெரியல."

அந்த வாரமே ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரிக்கும் நாளில் எசென்குல் சவரம் செய்து, டை கட்டி, கட்டிலுக்கு எதிரில் மாணவன் மாதிரி விறைத்து நின்றார். டாக்டர் பஞ்சை எடுத்துவிட்டு, எதிரே நிற்பது யார் என்று கேட்டார். துமார் அம்மாள் பார்த்தார். அவசரப்படாமல் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார்.

"தெரியலீங்களே டாக்டர். என் வீட்டுக்காரர் சோச்சியில இருக்காரு."

நர்ஸ் குனிந்து, பார்வை திரும்பவில்லை என்று எழுதத் தொடங்கினாள். எசென்குல் டையைப் பிடித்துக்கொண்டு ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றார். துமார் அம்மாள் கையை நீட்டி அவர் மோவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"யோவ் கிழவா, என்ன இது, காதுக்குள்ள காடு மாதிரி மயிரு வளந்து கெடக்கு? இத்தனை நாளா இப்படியேவா ஊரைச் சுத்தினே? ஒருத்தரும் சொல்லலியா?"

எசென்குல் காதைத் தொட்டுப் பார்த்தார். நர்ஸ் எழுதியதை அடித்துவிட்டு, காது மயிரை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று டாக்டரைக் கேட்டாள்.